மாடவீதி மாடுகள் – 9: மார்கழிக் கிடேரி

கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. தினசரி காலண்டரிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் அதில் குத்தியிருக்கிறது. ஏப்ரல் 10. மேலே ராகுகாலம், எமகண்டம். கீழே ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம். அதற்கு முன்னும் பின்னும் வந்த தாள்களெல்லாம் குப்பைக்கோ அடுப்புக்கோ போய்விட்டன. இது மட்டும் எட்டரை மாதமாக மூட்டப் புகையில் பழுத்து அங்கேயே இருக்கிறது.

"அன்னிக்குதான் சார் சினை ஊசி போட்டோம். அறுபத்துமூவர் கூட்டம். ஊசிக்காரர் வண்டிய தெரு முனையிலேயே போட்டுட்டு நடந்து வந்தாரு" என்றார் கொட்டகைக்காரரான அந்த அம்மாள்.

சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அங்கே இரண்டு கறவை மாடு, ஒரு சினைக் கிடேரி, ஒரு கன்று. மாமனார் காலத்தில் இருபது உருப்படி நின்ற இடமாம். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடி; நான்காவது பக்கம் கொட்டகை. கிடேரி ஜெர்சி கலப்பு, வெளிர் செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. தலைச்சூல்.

"எப்போ போடும்?" என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணினார். ஒன்பது மாதம், ஒன்பது நாள்: ஜனவரி 19. புத்தகக் கணக்கில் 280 நாள்: ஜனவரி 15. எப்படிப் பார்த்தாலும் பொங்கலை ஒட்டி. "மாட்டுப் பொங்கலன்னைக்கே மகாலட்சுமி வந்துடுவா பாருங்க" என்று அவருக்கு ஒரே பூரிப்பு. நான் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம்தான் ஒரு சினை மாட்டின் வயிற்றுக்கு மிகவும் ஆகாத காலம் என்பார்கள் மருத்துவர்கள். அந்த மூன்று வாரமும் அப்படியே மார்கழியில் விழுகிறது. மயிலாப்பூரின் மார்கழியில்.

மார்கழியில் மயிலாப்பூரில் பட்டினி கிடக்கும் உயிர் எதுவும் இல்லை. சிக்கலே அதுதான். அதற்கு முன் கிடேரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துத்தான் வயது சொல்வார்கள். "ரெண்டு பல்லு" என்றால் முன்பக்கப் பால் பற்களில் நடு ஜோடி விழுந்து நிலைப்பல் முளைத்தது. ஏறக்குறைய இரண்டு வயது. இந்தக் கிடேரியும் ரெண்டு பல்லுதான். அதாவது பால் பல் இன்னும் முழுதாக விழவில்லை, அதற்குள் வயிற்றில் கன்று. இதன் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தலைச்சன் கன்று போடும்போது, முழு மாடாகி நிற்கும் எடையில் 85 சதவீதம் அளவுக்கு வந்திருந்தால் நல்லது என்பது கணக்கு. மீதியை அது கறவையில் நின்றுகொண்டேதான் வளர்ந்து தீர்க்க வேண்டும். நாலாம் ஈற்று மாடு தன்னையும் கன்றையும் காப்பாற்றினால் போதும். கிடேரி தன்னைக் காப்பாற்றி, கன்றைக் காப்பாற்றி, மேலும் தானும் வளர வேண்டும். கன்றோ, பிறக்கும்போதுள்ள எடையில் பாதிக்கு மேல் கடைசி இரண்டு மாதத்தில்தான் போடுகிறது.

கறவை மாடு என்றால் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிட்டு ஓய்வு கொடுப்பார்கள். கிடேரிக்கு வற்றவிட ஒன்றும் இல்லை. ஆகவே அதன்மீது யாருக்கும் கவனமும் இல்லை. பால் தராத மாட்டுக்குப் பிண்ணாக்கு எதற்கு என்பது பொதுவான கணக்கு. பால் தரும் மாட்டின் தொட்டியில் மிஞ்சியது கிடேரிக்கு. இந்தச் சந்தில் மட்டுமல்ல, நாடு முழுக்க இதே வழக்கம். ஊரில் மேய்ச்சல் இருந்தபோது கிடேரி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. மயிலாப்பூரில் எங்கே மேய்வது? அவிழ்த்துவிட்டால் மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மீட்க 10,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 15,000 என்று 2024இல் உயர்த்திவிட்டார்கள். ரோட்டில் போகிறவர்களின் நிலையை நினைத்தால் அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை.

பங்குனியில் இதே வீதிகளில் பல்லக்கில் வரும் அறுபத்துமூவரில் மாட்டோடு சம்பந்தப்பட்டவர்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சண்டேசுரராகப் போகும் விசாரசருமன் என்ற சிறுவன், இடையன் பசுவை அடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் மேய்க்கும் பொறுப்பைத் தானே வாங்கிக்கொள்கிறான். நல்ல புல் உள்ள இடம் பார்த்து ஓட்டிப்போகிறான். பசுக்களுக்குப் பால் பெருகுகிறது. பக்திக் கதைக்குள் தீவனக் கதையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு மண்ணியாற்றங்கரை இருந்தது. இந்த அம்மாளுக்கு இருப்பது லாரியில் வரும் வைக்கோல்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும். வளர்ப்பது அதன் வேலையில்லை. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். அதோடு, சினை முற்ற முற்றக் கன்று உள்ளே இடத்தைப் பிடித்துக்கொண்டு இரைப்பையை நெருக்கும். மாடு தின்னும் அளவே குறைந்துபோகும். கடைசி வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். தேவை ஏறுகிறது, இடம் குறைகிறது. அதனால்தான் இந்தச் சமயத்தில் அடர்தீவனம் கூட வேண்டும் என்கிறார்கள். பொதுவாகச் சொல்லும் அளவு: உடம்பைத் தாங்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ, ஏழாம் மாதத்திலிருந்து சினைக்காக மேலும் ஒன்று, ஒன்றரை கிலோ. மக்காச்சோளம் அல்லது கம்பு, கடலைப் பிண்ணாக்கோ எள்ளுப் பிண்ணாக்கோ, தவிடு, பொட்டு, அதோடு நாளுக்கு ஒரு கைக்கு அடங்கிய தாது உப்புக் கலவை. பசும்புல் பதினைந்து இருபது கிலோ கிடைத்தால் நல்லது. மயிலாப்பூரில் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

இப்படி நிறைசினையில் தீவனத்தை ஏற்றுவதற்கு இங்கிலாந்தில் ஒரு பெயர் வைத்தார்கள். 1920களில் வில்ட்ஷயர் பகுதியில் விவசாய ஆலோசகராக இருந்த ராபர்ட் பௌட்ஃப்ளவர், கன்று ஈனுவதற்கு ஆறேழு வாரம் முன்பே தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். நீராவி இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் கொதிகலனில் நீராவி ஏற்றிக்கொள்வதுபோல என்று, அந்த முறைக்கே 'நீராவி ஏற்றுதல்' என்ற பொருளில் ஒரு பெயர் நிலைத்தது. இதைச் சொன்னபோது அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "வாரத்துக்கு ஒரு கை கூட்டணும்னு எங்க மாமியாரு சொல்லும்" என்றார். இரண்டும் ஒன்றுதான். மாமியாருக்கு நீராவி இயந்திரம் தேவைப்படவில்லை.

அதே மாமியார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "நிறைமாசத்துல ரொம்பப் போட்டா கன்னு பெருத்துடும், வெளிய வராது." இதை ஒதுக்கிவிட முடியாது. தலைச்சூல் பெண்களுக்கும் இதையே சொன்ன வீடுகள் உண்டு. இதில் பாதி உண்மை. கன்றின் உடம்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தாயும் காளையும் தீர்மானிக்கின்றன. சின்னக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் ஊசியைப் போட்டுவிட்டுத் தவிட்டைக் குறைத்துப் பயனில்லை. பட்டினி போட்டால் கன்று பெரிதாக இளைக்காது, தாய்தான் இளைக்கும். முக்குவதற்குத் தெம்பிருக்காது, சீம்பால் சுண்டும், அடுத்த சினை பிடிக்க மாதக்கணக்காகும். ஆனால் கிடேரியைக் கொழுக்கவைத்தால் இடுப்பெலும்புக்குள் கன்று வரும் பாதையிலேயே கொழுப்பு படிந்து அடைக்கும். அப்படிப் பெருத்த மாடு ஈன்ற பிறகு தீனி எடுக்காமல் நின்று, தன் கொழுப்பைத் தானே கரைத்து, ஈரலைக் கெடுத்துக்கொள்ளும். ஆக மாமியார் பயந்த விஷயம் சரி, சொன்ன காரணம்தான் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையை வைத்து அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் பதம். இந்தக் கிடேரி அந்தப் பதத்தில்தான் இருந்தது.

இதையெல்லாம் எண்ணியும் அளந்தும் பார்க்கும் வேலை தமிழ்நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமோ? இங்கிருந்து நடை தூரம் என்றே சொல்லலாம். இன்று கோயம்புத்தூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் தன் வேரை 1868இல் சைதாப்பேட்டையில் நடந்த வேளாண் பள்ளியில்தான் காட்டுகிறது. அது 1906இல் கோவைக்குப் போனது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1903இல் சைதாப்பேட்டையில் 'டாபின் ஹால்' என்ற கட்டடத்தில் தொடங்கி, இரண்டு ஆண்டு கழித்து வேப்பேரிக்குப் பெயர்ந்ததுதான். தி. நகர் என்ற ஒன்று உருவாகும் முன், அந்த இடம் ஏரியாகக் கிடந்த நாளில், அடையாற்றின் கரையில் மாட்டையும் புல்லையும் படித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வழியில் மெட்ரோ ஓடுகிறது.

சரி, மார்கழிக்கு வருவோம்.

மாட்டுக்கு இரைப்பை என்பது ஒரு பெரிய டிரம் அளவு ஊறல் தொட்டி. அங்கே மாடு செரிப்பதில்லை. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் செரிக்கின்றன, மாடு அவற்றின் உழைப்பில் சாப்பிடுகிறது. வைக்கோலைச் சிதைக்கும் கூட்டம் வேறு, மாவுச்சத்தைத் தின்னும் கூட்டம் வேறு. எதைப் போடுகிறோமோ அந்தக் கூட்டம் பெருகும். ஆனால் ஒரு கூட்டம் ஒதுங்கி இன்னொன்று வளர இரண்டு மூன்று வாரமாகும். அவை உண்டாக்கும் அமிலத்தை உறிஞ்ச இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் சின்னச் சின்ன நாக்குகள் நீளுவதற்கு இன்னும் கூடுதலாக ஆகும். எனவே புதிதாக எதைச் சேர்த்தாலும் கையளவாகச் சேர்க்க வேண்டும். நாளுக்கு அரைக் கிலோ என்று தொடங்கி, நாலு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றினால் தொட்டி தாங்கும்.

இதைத் தெரிந்துகொண்டு மார்கழிக் காலையில் மாடவீதியைச் சுற்றிப் பாருங்கள். ஐந்து மணிக்கெல்லாம் பெருமாள் கோயில்களில் பொங்கல். தொன்னையில் பாதி சாப்பிட்டு மீதி மாட்டுக்கு. பஜனை முடிந்து சுண்டல். பத்து மணிக்குமேல் சபா கேண்டீன்கள். வாழையிலையோடு சாம்பார் சாதம், கேசரி, வடை வெளியே வரும். ஆருத்ராவுக்கு வீட்டுக்கு வீடு களி, அரிசி, வெல்லம். போகிக்குப் பழையது கழிய, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், மாட்டுப் பொங்கலுக்கு அதையே பெரிய தட்டில். வைக்கோலும் தவிடும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று ஐந்தாறு கிலோ வெந்த சோறு விழுந்தால் மாவுச்சத்துக் கூட்டம் ஒரே ராத்திரியில் தறிகெட்டுப் பெருகும். பால் புளிப்பதுபோல உள்ளே புளித்து, ஆறு ஏழாக இருக்க வேண்டிய அமில அளவுகோல் ஐந்துக்குக் கீழே இறங்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லை நறநறக்கும், தண்ணீராகக் கழியும், படுத்துவிடும். ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்த முதலுதவி. பல சமயம் அதற்குள் நேரம் கடந்திருக்கும். பொங்கலை ஒட்டி இந்தக் கேஸ்கள் வந்து குவியும் என்று தமிழ்நாட்டில் எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். சினை மாட்டுக்கு வந்தால் கன்றும் சேர்ந்து போகும்.

இந்தச் சோற்றைக் கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு கைப்பிடி. எனக்கு முன்னால் நாற்பது பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது நாற்பத்தோராவது ஆளுக்குத் தெரியாது. நானும் அந்த நாற்பத்தோராவது ஆளாக இருந்திருக்கிறேன், பல வருஷம்.

அகத்திக்கீரை கதை இன்னும் நுட்பமானது. கோயில் வாசலில் கீரைக்கட்டுகளைக் குவித்துக்கொண்டு ஓர் ஆள், பக்கத்திலேயே ஒரு மாடு. அமாவாசை, ஏகாதசி என்றால் வரிசை நிற்கும். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்தியும் நெல்லிக்காயும் இல்லாத வீடு மயிலாப்பூரில் அபூர்வம். அன்று மாட்டுக்கும் கட்டுக்கட்டாகப் போகும். அகத்தி அருமையான தீவனம், சந்தேகமே வேண்டாம். புரதம் செறிந்தது. வைக்கோல் தின்னும் மாட்டுக்கு அமிர்தம். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அபாரம். ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் பார்த்தால் 100 கிராம் கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியம். கறவை இல்லாமல் நிற்கும் மாட்டின் ஒருநாள் தேவையை மூன்று நான்கு கிலோ கீரையே நிரப்பிவிடும்.

நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பசுவின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் எந்த நேரத்திலும் மூன்று கிராம் சொச்சம்தான். கன்று போட்ட அன்று பத்து லிட்டர் சீம்பால் கறந்தால் அதில் இருபது கிராமுக்கு மேல் போய்விடும். அந்தப் பள்ளத்தை உடனே எலும்பிலிருந்து எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். எலும்பிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டளையிடும் சுரப்பி ஒன்று கழுத்தில் இருக்கிறது. கடைசி வாரங்களில் வாய்வழியே கால்சியம் வந்து கொட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சுரப்பி வேலையில்லாமல் தூங்கிவிடும். கன்று போட்ட அன்று எழுப்பினால் எழ இரண்டு நாளாகும். அதற்குள் மாடு நிற்க முடியாமல் சரிந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக்கொள்ளும். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர், உடம்போ சில்லிட்டிருக்கும். ஆகவே கன்று போடும் முன் கால்சியத்தை அடக்கி, போட்ட பிறகு அள்ளிக் கொடு என்பது பாடம். துவாதசிக் கீரை சரியாக இதைத் தலைகீழாகச் செய்கிறது.

இங்கே நம் கிடேரிக்கு ஒரு சலுகை உண்டு. வளரும் எலும்பில் கால்சியம் போக்குவரத்து எப்போதும் விறுவிறுப்பாக நடப்பதால் தலைச்சூலில் பால் காய்ச்சல் அரிது. மூன்றாம் ஈற்றுக்குமேல்தான் பயம். அதனால் கீரை விஷயத்தில் கவலைப்பட வேண்டியது பக்கத்தில் நின்ற கிழட்டுக் கறவைக்குத்தான், அதற்கும் சினை ஏழு மாதம். கிடேரிக்கு வேறொரு தொல்லை. கடைசி வாரங்களில் மடி இறங்கும்போது தலைச்சூல் மாட்டுக்கு மடியும் தொப்புள் பக்கமும் நீர் கோத்து வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். உப்பு அதிகமானால் இது கூடும். தொட்டியில் ஒரு கை கல்லுப்பு அள்ளிப்போடுவது இந்தச் சந்தில் பரம்பரைப் பழக்கம். மூன்று வாரத்துக்கு அதை மட்டும் குறையுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். "உப்பில்லாம எப்படி சார் குடிக்கும்?" என்று அந்த அம்மாள் என்னிடம் வழக்காடினார். மருத்துவரிடம் தலையாட்டியிருப்பார்.

தொட்டி என்றதும் கழுநீர் ஞாபகம். என் சிறுவயதில் கச்சேரி ரோட்டுப் பக்கத்து வீடுகளின் கொல்லையில் ஒரு பானை இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், உளுந்துத் தோல். சாயங்காலம் பால்காரர் வீட்டுப் பெண் வந்து அண்டாவில் ஊற்றிக்கொண்டு போவாள். பத்து வீட்டுக் கழுநீர் பத்து வீட்டுக் கழுநீராகவே இருந்தது. நேற்றும் அதே, நாளையும் அதே. மாட்டு வயிற்றுக்கு வேண்டியதும் அந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் என்று அப்போது யார் யோசித்தார்கள்! குக்கர் வந்தது, கஞ்சி வடிப்பது நின்றது. கொல்லை போய் லிஃப்ட் வந்தது. வீட்டிலிருந்து நேராக மாட்டுக்குப் போன வழி அடைபட்டு, குப்பைத் தொட்டி வழியாகப் போகத் தொடங்கியது. பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு.

முடிச்சை அவிழ்க்க மாட்டுக்கு விரல் இல்லை. மாடு நாக்கால் சுருட்டி விழுங்கிவிட்டுப் பிறகுதான் சாவகாசமாக மெல்லும் பிராணி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். அதே ஆண்டு அக்டோபரில் வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றைக் கிழித்து ஐந்து மணி நேரத்துக்குமேல் அறுவை செய்து எடுத்தது 52 கிலோ. பெரும்பாலும் பிளாஸ்டிக், கூடவே ஊசி, ஆணி. பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஊசியும் ஆணியும்தான் சினை மாட்டுக்கு எமன். தி. நகர் ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் பக்கம் துணிக்கடைக் குப்பையில் குண்டூசி, சேஃப்டி பின். பூக்கடைக் குப்பையில் மாலை கட்டும் கம்பி. இவை இரைப்பைக்கு முன்னால் தேன்கூடு மாதிரி இருக்கும் சிறு பையில் போய் விழுந்து, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அந்தப் பைக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வும் நாலு விரல் இடைவெளியும்தான். கன்று வளர வளரக் கருப்பை முன்னோக்கித் தள்ளும், பை நசுங்கும், கம்பி நிமிரும். ஈனும்போது முக்கும் முக்கில் சவ்வைத் துளைத்து இதய உறைக்குள் போய்விடும். நிறைமாதத்தில் நன்றாக இருந்த மாடு கன்று போட்ட கையோடு கழுத்து நரம்பு புடைத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துச் சாவதைப் பார்த்தவர்கள் கண்திருஷ்டி என்பார்கள். திருஷ்டி கழிக்க எலுமிச்சையைக் கம்பியில் கோத்துக் கட்டுவதும் உண்டு. அந்தக் கம்பியும் ஒருநாள் ரோட்டில்தான் விழும். இதற்குக் காந்தத் துண்டு ஒன்றை விழுங்கக் கொடுக்கும் வழி இருக்கிறது. அது அந்தப் பையிலேயே ஆயுள் முழுக்க உட்கார்ந்து இரும்பை எல்லாம் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊரில் அதிகம் பேர் செய்வதில்லை.

மழைக்காலம் முடிந்து வரும் மார்கழியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பூசணம். நனைந்த வைக்கோல், மூட்டையில் வேர்த்த கடலைப் பிண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, கடைசியில் பிடிபட்டது கடலைப் பிண்ணாக்கின் பூசண நஞ்சுதான். அந்த அம்மாள் பிண்ணாக்கை உடைத்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் ஊறப்போடுகிறார். அதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் எடுத்தது ஒரே ஒரு பாடம். அதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மானிடோபாவில் கோனெஃபல் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் இருந்தார். நம் கோனாருக்கு ஒன்றுவிட்ட பெயர் மாதிரி. கடைசி ஒரு மாதம் தீவனத்தை முன்னிரவுக்குத் தள்ளிப்போட்டால் பெரும்பாலான மாடுகள் பகல் நேரத்தில் கன்று போடுகின்றன என்று அவர் கண்டார். கறவை இனங்களில் அது அவ்வளவு துல்லியமாக நடப்பதில்லை என்பதையும் படித்திருந்தேன். சொல்லும்போது அந்தப் பகுதியை மெதுவாகச் சொன்னேன். பகலில் போட்டால் மருத்துவர் வருவார், ஆட்டோ கிடைக்கும். இரவு ஒன்பது மணித் தீனியில் இன்னொரு லாபமும் இருந்தது. தீனிக்குக் காத்திருக்கும் மாட்டைப் பகலெல்லாம் வாசலில் கட்ட முடியாது. அந்த அம்மாள் கிடேரியை உள் கொட்டகைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிட்டார். தட்டோடு வந்தவர்களிடம், "அது புள்ளத்தாச்சி, பத்தியம்" என்றார். மாட்டுக்குத் தீங்கு என்று சொல்லியிருந்தால் மனம் புண்பட்டிருப்பார்கள். பத்தியம் என்ற சொல் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு மாமி, "அப்போ என்ன குடுக்கலாம், நீயே சொல்லு" என்று கேட்டு, அடுத்த வாரம் கோதுமைத் தவிடு இரண்டு கிலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மாட்டுப் பொங்கல் கழிந்தது. மற்ற இரண்டுக்கும் மஞ்சள், குங்குமம், கொம்புக்கு வண்ணம், எலுமிச்சம்பழ அளவு பொங்கல். கிடேரிக்கு நெற்றிப் பொட்டு மட்டும். அன்று சாயங்காலம் வாலடியில் இருபக்கமும் குழி விழுந்துவிட்டது. தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது.

ஜனவரி 17, காணும் பொங்கல். என் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் நட்டநடுவில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, யார் உதவியும் இல்லாமல் கிடேரிக் கன்று. காலையில் போனபோது சந்தில் ஏழெட்டுப் பேர் கையில் தூக்குப்பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள், சீம்பாலுக்கு. தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு எதுவும் கன்றுக்கு வயிற்றிலேயே போய்ச் சேருவதில்லை. எல்லாம் அந்த முதல் பாலில்தான். அது சுரக்கத் தொடங்கியதும் இந்தக் கடைசி சில வாரத்தில்தான். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, "நாளைக்கு வாங்க, இன்னிக்கு அதுக்கே" என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "ராத்திரி ரெண்டு மணி சார்! உங்க கனடா கோனார்கிட்ட சொல்லுங்க."

(தொடரும்)